“அண்ணன்கிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்!”



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நம்ம ஆட்கள் வழக்கம் போல ‘இளைஞனே எழுந்து வா’ என்று கவிதையாக எழுதிக் குவித்திருப்பார்கள். நான் எழுந்தெல்லாம் வரவில்லை. 2024, 2025 என்று இரண்டு தீபாவளி சீசனில் நின்று நின்றே கால் வீங்கிப் போனவன். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பிள்ளைகள் ரெடிமேட் செக்‌ஷனில் பார்ட் டைம் சேல்ஸ்மேன் வேலை. (என் அரியருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எச்.ஓ.டி. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.) அங்கே நான் பார்த்த, கொஞ்சம் நானும் சேர்ந்து செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகள் பண்ணும் சேட்டை கொஞ்ச நஞ்சமில்லை. தொங்கவிட்ட சுடிதார்களுக்கு நடுவே புகுந்து ஒளிந்துகொள்ளும். ஷோகேஸ் பொம்மைக்குக் கை கொடுக்கும். கை கழன்று வந்துவிட்டால் அதைக் கீழே போட்டுவிட்டு ஊரே கேட்கிற மாதிரி அலறும். ட்ரையல் ரூம் கதவுக்கு அடியில் தலையை விட்டு உள்ளே யாரென்று பார்க்கும். பட்டுச் சேலை செக்‌ஷனில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையைக் கண்டால் குட்டிக்கரணம்தான். “வளர்ப்பு சரியில்ல தம்பி” என்பார் எங்கள் சூப்பர்வைசர். முதல் வாரம் நானும் தலையாட்டினேன்.

ஒரு நாள் சட்டையிலிருந்து விழுந்த குண்டூசியைத் தேடித் தரையில் மண்டி போட்டேன். அப்போதுதான் அந்தக் கடையை மூன்றடி உயரத்திலிருந்து பார்த்தேன். ஒரே கால்கள். கட்டைப்பைகள். கவுண்டரின் பலகை. கலர் கலராக அடுக்கி வைத்திருக்கிறோமே, அதில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. போகிற பை வருகிற பை எல்லாம் மூஞ்சியில் இடிக்கிறது. மூன்று வயசுப் பிள்ளையின் உயரம் இவ்வளவுதானே! காலையில் பதினொரு மணிக்கு உள்ளே வந்த குடும்பம் மூணு மணிக்குத்தான் பில் போடும். அத்தைக்குச் சேலை, மாமாவுக்கு வேட்டி, மாப்பிள்ளைக்கு பேண்ட் பிட் என்று ஒவ்வொரு மாடியாக ஏறும். பிள்ளைக்கு எடுக்கும் நேரம் இருபது நிமிஷம் இருக்கலாம். மிச்ச நேரம் அது பசியோடும், ஒண்ணுக்கு வந்தாலும் சொல்ல ஆளில்லாமலும், நிற்க வேண்டும். உட்கார இடமில்லை. சேல்ஸ் ஆட்களான எங்களுக்கே உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. (‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவர்களுக்கு ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) பாவம், பிள்ளைகளுக்கு யார் சட்டம் போடுவது? அது குட்டிக்கரணம் போடாமல் என்ன செய்யும்?

பெத்தவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா, போனஸ் பணத்துக்குள் ஒரே நாளில் ஒன்பது பேருக்குத் துணி எடுத்தாக வேண்டும். வீட்டுக்காரர் பெரும்பாலும் வாசலில் டீக்கடையில் இருப்பார். செல்போனைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைப்பவர்களும் உண்டு; சார்ஜ் தீரும் வரை நிம்மதி. அதுவும் முடியாதபோது கடைசி ஆயுதம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது நாங்கள்தான்.

“சும்மா நிக்கல... அந்த அண்ணன்கிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்!”

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைக் கேட்பேன். சேல்ஸ்மேன் என்ன செய்ய வேண்டும்? கண்ணை உருட்ட வேண்டும். “வா வா, மாடியில கட்டிப் போடுறேன்” என்று குரலை மாற்ற வேண்டும். பிள்ளை அம்மாவின் சேலைக்குள் ஒளியும். அம்மா சிரிப்பார், வியாபாரம் நடக்கும். சீனியர் அண்ணன் ஒருவர்தான் எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். நானும் நன்றாகவே செய்தேன்.

2024 தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 27. நிற்க இடமில்லாத கூட்டம். பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பாப்பா, நாலு வயசு இருக்கும், அடுக்கி வைத்த பெட்டியை இழுத்துத் தள்ளியது. அவங்க அம்மா வழக்கமான வசனத்தைச் சொல்ல, நானும் வழக்கம் போலக் கண்ணை உருட்டினேன். அரை மணி நேரம் கழித்து அதே அம்மா, “பாப்பாவைக் காணோம்” என்று கத்திக்கொண்டு கீழ் மாடிக்கு ஓடினார். நாங்கள் நாலு பேர் தேடினோம். கண்டுபிடித்தது நான்தான். தொங்குகிற ஃபிராக்குகளுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றது.

“பாப்பா, இங்க வா” என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தது. எங்கே? நேராக எஸ்கலேட்டரைப் பார்த்து.

மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எஸ்கலேட்டரின் படிக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மெத்தென்ற ரப்பர் செருப்பும் தொங்குகிற பாவாடை ஓரமும் அதில் மாட்ட அது போதும். மேலேயும் கீழேயும் சிவப்பு ஸ்டாப் பட்டன் ஒன்று இருக்கும். எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் அதை நோக்கித்தான் ஓடினேன். ஓடுகிற என்னைப் பார்த்து அது இன்னும் வேகமாக ஓடியது. அதன் ஓட்டமே நான்தான் என்று புரிந்து சட்டென்று நின்றுவிட்டேன்.

நல்ல வேளை, கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருவர் அங்கே இருந்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். பாப்பா போய் மடியில் விழுந்தது. அந்த அம்மாவைக் காட்டி யாரும் அதைப் பயமுறுத்தியிருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். மைக்கில் சொல்லி, பெத்த அம்மா வந்து சேரப் பத்து நிமிஷம் ஆனது. வந்ததும் முதல் வேலையாக முதுகில் ஒரு அடி வைத்தார். “இன்னொரு தடவ போனே, இந்த அண்ணன்கிட்டயே விட்டுட்டுப் போயிருவேன்!”

நான் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்ல? அந்த வசனத்துக்குப் பின்பாட்டு பாடியவன் நான்.

யோசித்துப் பாருங்கள். தொலைந்து போன பிள்ளை யாரிடம் போக வேண்டும்? யூனிஃபார்ம் போட்ட கடை ஆளிடம், போலீஸ்காரரிடம், கண்டக்டரிடம். நம் ஊரில் இந்த மூன்று பேரையும் காட்டித்தான் சோறு ஊட்டுகிறோம், தூங்க வைக்கிறோம், கடையில் நிற்க வைக்கிறோம். சேட்டை பத்து நிமிஷம் அடங்குகிறது, வாஸ்தவம். ஆனால் கூட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு அம்மாவைத் தவிர ஒருத்தர்கூட மிச்சமில்லை. அம்மாவைக் காணாத அன்றைக்கு அது என்ன செய்யும்?

காணும் பொங்கலன்று சென்னை மெரினாவில் போலீஸ்காரர்கள் பிள்ளைகள் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். அதைச் சொல்லித்தான் 2025 சீசனில் சூப்பர்வைசரிடம் பேசினேன். பட்டைக்கெல்லாம் காசு இல்லை என்றார். சரி, விலைச் சீட்டு இருக்கிறதே? மிச்சம் விழுந்த சீட்டின் பின்பக்கம் நம்பரை எழுதி, அதே நூலால் மணிக்கட்டில் கட்டினோம். “என் பிள்ளைக்கு என்னப்பா விலை?” என்று ஒரு பாட்டி சண்டைக்கு வந்தது வேறு கதை! ‘புடிச்சுக் குடுத்துருவேன்’ என்று யாராவது சொன்னால் நான் குனிந்து உட்கார்ந்துகொள்வேன். “நான் புடிக்கிற ஆள் இல்ல பாப்பா. உங்க அம்மாவக் காணோம்னா இந்த ஊதாச் சட்டை போட்டவங்ககிட்ட வா, என்ன?” என்பேன். அம்மாக்கள் சிலருக்குக் கோபம்தான். சீனியர் அண்ணன், “ஏன்டா வர்ற வியாபாரத்தைக் கெடுக்குற?” என்று சலித்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணி. பின்னாலிருந்து யாரோ என் சட்டையை இழுத்தார்கள். திரும்பினால், இடுப்பு உயரத்துக்கு ஒரு பொடியன், வாயில் பாதி முறுக்கு.

“அண்ணே, எங்க அம்மா தொலைஞ்சு போச்சு. கண்டுபிடிச்சுக் குடு.”

“எங்கடா தொலைச்ச?”

“சேல கிட்ட” என்றான், என் விரலைப் பிடித்துக்கொண்டே.