தூங்கினால் விழிக்குமா?

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? 2011 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலின் 2.6.38 பதிப்பு வந்த பிறகு பலருக்கு அந்தக் கணக்கு உதைத்தது. அதே மெஷின், அதே வேலை. பேட்டரி மட்டும் சீக்கிரம் தீர்ந்தது.

நல்ல நோக்கத்தில் செய்த மாற்றம்தான் காரணம். கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் கார்டு போன்றவற்றை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை, வேலை இல்லாதபோது கண்ணயரக்கூடியது. ஏ.எஸ்.பி.எம். என்பது அந்த வசதியின் பெயர். சில மெஷின்களில் பயாஸ் ஒரு விசித்திரம் செய்யும். 'இங்கே இந்த வசதி கிடையாது' என்று குறிப்பு எழுதிவைக்கும். ஆனால் தானே சில கார்டுகளில் அதை இயக்கியும் வைத்திருக்கும். புதிய கெர்னல் அந்தக் குறிப்பை அப்படியே நம்பி, இயங்கிக்கொண்டிருந்ததையும் அணைத்துவிட்டது. கார்டுகளுக்குத் தூக்கம் போயிற்று. கெர்னலைத் துவக்கும்போதே ஏ.எஸ்.பி.எம்.மைக் கட்டாயமாக இயக்கச் சொல்லவும் வழி இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் சில மெஷின்கள் உறைந்தே போயின.

விண்டோஸ் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று கவனித்தவர் மேத்யூ காரெட். அவர் கண்ட மருந்து எளிமையானது: குறிப்பு 'கிடையாது' என்றால் எதையும் தொடாதே; பயாஸ் வைத்தபடியே விட்டுவிடு. அடுத்து வரவிருந்த 3.3 பதிப்புக்கு அது தயாராயிற்று. ஏற்கெனவே வெளியாகி, ஊரெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையான பதிப்புகளுக்கும் அதைக் கொண்டுபோவதா என்பதுதான் கேள்வி. இந்த வேலைக்கு பேக்போர்ட் என்று பெயர்.

நிலையான பதிப்புகளுக்குக் கறாரான விதிகள் உண்டு. கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பராமரிக்கும் அந்த வரிசையில் நுழையும் மாற்றம் முதலில் லினஸ் டோர்வால்ட்ஸின் கெர்னலில் சேர்ந்திருக்க வேண்டும். அது 100 வரிகளுக்குள் அடங்க வேண்டும். மனிதர்களை நிஜமாகவே தொல்லைப்படுத்தும் கோளாறைச் சரிசெய்வதாக இருக்க வேண்டும். புது வசதிக்கு இடமில்லை.

மின்சாரச் சிக்கனம் இந்த விதிகளுக்குச் சுலபமாகப் பிடிபடுவதில்லை. பேட்டரி ஒரு மணி நேரம் முன்னதாகத் தீர்வது கோளாறா, வெறும் குறையா? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. மிச்சமாகும் வாட் யார் கண்ணிலும் படாது. உறங்கிய கார்டு விழிக்காமல் போனால் அன்று மாலையே புகார் வந்துவிடும். நிலையான பதிப்பைத் தேர்ந்தெடுத்தவர், நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தவர். மேஜைக்கடியில் ஒரு சர்வர் சுவர் மின்சாரத்தில் ஓடுகிறது என்றால், இந்த மாற்றத்தால் அதற்குப் பெரிய லாபம் இல்லை. ஆபத்தில் மட்டும் சம பங்கு.

காரெட்டின் மருந்துக்குச் சாதகமாக ஒரு வாதம் இருந்தது. அது புதிதாக எதையும் கொடுக்கவில்லை, பறிபோனதைத் திருப்பித் தந்தது. 2012 பிப்ரவரியில் 3.2.5 என்ற நிலையான பதிப்பு அதைச் சுமந்து வந்தது. சரியான முடிவு.

அதே சமயத்தில் உபுன்டு குழு எதிர்கொண்டது இன்னும் கடினமான வழக்கு. இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் சிப்களில், திரைக்கு வேலை இல்லாதபோது கிராஃபிக்ஸ் பகுதியைக் கிட்டத்தட்ட முழுவதும் அணைக்கும் ஆர்.சி.6 என்ற நிலை உண்டு. சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் மின் செலவு 40 முதல் 60 சதவீதம் வரை குறையலாம் என்றது உபுன்டு குழு. ஆனால் ஆர்.சி.6-இன் ஜாதகம் சரியில்லை. கெர்னலில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இயக்கப்பட்டு, திரை சிதறுகிறது, மெஷின் உறைகிறது என்று புகார் வந்ததும் திரும்பப் பெறப்பட்டிருந்தது. இங்கே பறிபோனது எதுவும் இல்லை. இது முழுக்கப் புது வரவு. விதியை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

ஆனால் 2012 ஏப்ரலில் வரவிருந்த உபுன்டு 12.04-க்கு ஐந்தாண்டு ஆதரவு வாக்களிக்கப்பட்டிருந்தது. அதில் இருந்ததோ 3.2 கெர்னல். ஆர்.சி.6 சாண்டி பிரிட்ஜில் தானாக இயங்கும் 3.4 பதிப்பு மே மாதம்தான் வந்தது. விட்டுவிட்டால், அந்த கெர்னலோடு இருப்பவர்கள் 2017 வரை மின்சாரத்தை வீணடிப்பார்கள். குழு குருட்டுத் துணிச்சலில் இறங்கவில்லை. சோதனை கெர்னலைத் தயாரித்து, சாண்டி பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் சொந்த மெஷினில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி கேட்டது. உறைகிறதா, எத்தனை வாட் குறைகிறது என்ற விவரங்கள் வந்த பிறகே 12.04-இல் ஆர்.சி.6 இயக்கப்பட்டது.

ஒத்துவராத மெஷின்காரர்களும் கைவிடப்படவில்லை. துவக்கக் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்தால் ஆர்.சி.6 அணைந்துவிடும்.