ஃப்ரீசரில் வைக்க முடியாத பண்டம்

ஃபாஸ்ட் ஃபுட் தொழில் ஃப்ரீசரை நம்பி நடக்கிற தொழில். உருளைக்கிழங்கு வறுவல் எங்கோ ஒரு தொழிற்சாலையில் பாதி பொரிந்து, உறைந்து, பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்து இறங்குகிறது. கோழித் துண்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான். கடைச் சிப்பந்தி எண்ணெயில் போட்டு, மணி அடித்ததும் எடுத்தால் போதும். சமையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காத பண்டம் சாலட். ஐஸ்பெர்க் லெட்யூஸ் இலையில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். உறைய வைத்தால் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி இலையின் செல்களைக் கிழித்துவிடும். உருகிய பிறகு கையில் மிஞ்சுவது கொழகொழத்த சக்கை. அமெரிக்க ஃபாஸ்ட் ஃபுட் கடைகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாலட்டோடு மல்லுக்கட்டி, பலமுறை தோற்றதற்கு முதல் காரணம் இதுதான்.

உறைய வைக்க முடியாத இலைக்குத் தொழிற்சாலை கண்ட வழி, பை. கோடையில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலும், குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமாவிலும் அறுவடையாகும் இலையை இயந்திரம் நறுக்குகிறது. குளோரின் கலந்த குளிர்ந்த நீரில் அலசி, சுழற்றி நீர் வடித்து, ஆக்ஸிஜனைக் குறைத்த காற்றோடு பையில் அடைக்கிறார்கள். நறுக்கிய வாழைக்காய் கறுக்காமலிருக்க நம் வீடுகளில் மோர்த் தண்ணீரில் போடுவார்களே, அங்கே வேலை செய்யும் நொதிதான் லெட்யூஸின் வெட்டுவாயையும் பழுப்பாக்குகிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அதன் வேகமும் குறையும். உறைநிலையை ஒட்டிய குளிரில் பை இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும்.

நிறம்தான் தாக்குப்பிடிக்கிறது. மொறுமொறுப்பும் மணமும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகின்றன. அப்படி வந்த இலையைப் போட்ட பிளாஸ்டிக் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கதை முழுவதும் தெரியும். மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும். நடுநரம்பு வெட்டுப்பட்ட இடத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். கேரட் சீவல் காய்ந்து வெளுத்திருக்கும். டப்பாவின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கியிருக்கும். மேலே ஊற்றும் டிரெஸ்ஸிங் அதில்தான் போய்க் கரையும்.

அதே டப்பாவில் கிடக்கும் தக்காளியின் பாடு இன்னும் மோசம். லாரிப் பயணத்தில் நசுங்காமலிருக்கக் காயாகவே பறித்து, எத்திலீன் வாயு செலுத்திச் சிவக்க வைத்த தக்காளி அது. பிறகு குளிர்ப்பெட்டிக்குள் போகிறது. தக்காளியைக் குளிரில் வைத்தால் மணம் தரும் வேதிப்பொருட்களை உண்டாக்கும் மரபணுக்களின் வேலை மந்தமாகிறது என்றும், வெளியே எடுத்து வைத்தாலும் பழைய மணம் முழுதாகத் திரும்புவதில்லை என்றும் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் காட்டினார்கள். சாலட் தக்காளி ஈரப் பஞ்சுபோல நாக்கில் உட்காருவதன் ரகசியம் அதுதான்.

வழி தெரியாமல் நடந்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க ஃபாஸ்ட் ஃபுட் நிறுவனமான வென்டீஸ் 1979லேயே கடைக்குள் சாலட் பார் வைத்தது. விரும்பியதை விரும்பிய அளவு எடுத்துக்கொள்ளலாம். 2006 வரை அது நீடித்தது. மெக்டொனால்ட்ஸ் 1987ல் அமெரிக்கா முழுவதும் சாலட் விற்கத் தொடங்கியது. 2000ல் அதையே மூடிபோட்ட பிளாஸ்டிக் கோப்பைக்கு மாற்றியது: டிரெஸ்ஸிங்கை ஊற்று, மூடு, குலுக்கு, காரில் போய்க்கொண்டே சாப்பிடு. தின்பவர் வசதியைப் பார்த்தார்கள். இலையின் சுவையைப் பார்க்கவில்லை. மூன்றே ஆண்டில் அது போய், நடிகர் பால் நியூமன் தொடங்கிய நிறுவனத்தின் டிரெஸ்ஸிங்கோடு ‘பிரீமியம்’ சாலட் வந்தது. 2013ல் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டான் தாம்ப்சன், அமெரிக்க விற்பனையில் சாலட்டின் பங்கு 2 முதல் 3 சதவீதம்தான் என்றார். 2020ல் கோவிட் காலத்தில் பட்டியலைச் சுருக்கியபோது சாலட் முற்றிலும் காணாமல் போனது.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. வாடிய இலையை விற்க முடியாது என்று தெரிந்ததும் அதன்மேல் பொரித்த கோழியையும் சீஸையும் பேக்கனையும் கொட்டினார்கள். கனடாவில் மெக்டொனால்ட்ஸ் விற்ற கேல் கீரை சீசர் சாலட்டை 2016ல் சிபிசி செய்தி நிறுவனம் கணக்குப் போட்டுக் காட்டியது. பொரித்த கோழியும் டிரெஸ்ஸிங்கும் சேர்ந்து 730 கலோரி, 53 கிராம் கொழுப்பு. அதே கடையின் டபுள் பிக் மேக்கில் 680 கலோரி, 38 கிராம் கொழுப்பு. உடம்பைக் கவனித்துக்கொள்ள நினைத்துச் சாலட் கேட்டவர், பர்கர் தின்றவரைவிட அதிகக் கொழுப்பைச் சுமந்து வெளியே வந்திருக்கிறார். இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒரு வாடிக்கையாளருக்கு வேறென்ன இருக்க முடியும்?

சாலட்டை வாங்காதவரையும் அது தொட்டது. கீத் வில்காக்ஸும் சக ஆய்வாளர்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வில் சிலருக்கு வறுவல் உள்ளிட்ட பக்கப் பண்டங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே பட்டியலில் சாலட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சாலட் இருந்த பட்டியலைப் பார்த்தவர்களில், வாயைக் கட்டத் தெரிந்தவர்களே உருளை வறுவலை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். நல்லது ஒன்று எதிரில் இருக்கிறது என்ற நினைப்பே பாதி நிறைவைக் கொடுத்துவிடுகிறது. சாலட் விற்காவிட்டாலும் பலகையில் அதன் படம் தொங்குவது கடைக்கு நஷ்டமில்லை.

தரம் என்றால் சுவை மட்டுமில்லை. 2018ல் மெக்டொனால்ட்ஸ் சாலட் சாப்பிட்ட 511 பேருக்கு சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் வயிற்றுப்போக்கு வந்தது உறுதியானது. 24 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். குளோரின் அலசல் அந்த ஒட்டுண்ணியைக் கொல்லாது. அதே ஆண்டு வசந்தத்தில் யூமா வட்டாரத்து ரொமைன் லெட்யூஸ் வழியாகப் பரவிய ஈ.கோலை 210 பேரைப் படுக்கவைத்தது; ஐந்து பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் உணவகங்களில் நறுக்கிப் பையில் வந்த ரொமைனைத் தின்றவர்கள். அங்குள்ள பாசனக் கால்வாய் நீரில் அந்தக் கிருமி கிடைத்தது. ஒரு வயலின் அழுக்கு ஒரே தொட்டியில் அலசப்படும் பல வயல்களின் இலையில் ஏறிவிடுவதுதான் பெரிய ஆலைகளின் ஆபத்து. 2024 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புதிய விதி கொண்டுவந்தது: பெரிய பண்ணைகள் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுதோறும் தங்கள் பாசன நீரின் நிலையை ஆராய்ந்து பதிவுசெய்ய வேண்டும். ஐந்து உயிர் போய் ஆறு ஆண்டு கழித்து வந்த விதி.

நன்றாகச் செய்ய முடியாது என்பதும் உண்மையில்லை. வென்டீஸ் கடைகளிலும் சிக்-ஃபில்-ஏ கடைகளிலும் சாலட்டை அன்றன்று கடையிலேயே தயாரிக்கிறார்கள். 2023ல் சிக்-ஃபில்-ஏ தன் சிறிய சாலட்டை நிறுத்தப்போவதாகச் சொன்னபோது வாடிக்கையாளர்கள் கொந்தளித்தார்கள், நிர்வாகம் பின்வாங்கியது. நல்ல சாலட்டுக்கு ஆள் இல்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2007ல் வாஷிங்டனில் மூன்று இளைஞர்கள் தொடங்கிய ஸ்வீட்கிரீன் என்ற சாலட் நிறுவனம் 2021ல் பங்குச்சந்தைக்கே போனது. அங்கே கடைக்குள் ஆட்கள் நின்று காய் நறுக்குகிறார்கள். அதனால் ஒரு கிண்ணம் 10 டாலரைத் தாண்டுகிறது. அலுவலகக்காரருக்குக் கட்டுப்படியாகும், வறுவலும் பர்கரும் வாங்கிப் பிள்ளைகளின் பசியாற்றும் குடும்பத்துக்குக் கட்டாது. நல்ல இலை வசதியுள்ளவருக்கு, வாடிய இலை மற்றவருக்கு என்ற இந்தப் பிரிவினைதான் உறுத்துகிறது.

இந்தியாவிலும் ஒரு பாடம் கிடைத்தது. 1996ல் மெக்டொனால்ட்ஸ் இங்கே வந்தபோது ஐஸ்பெர்க் லெட்யூஸ் ஆண்டு முழுவதும் கிடைக்கவில்லை. குளிர்ந்த மண் தேடி ஊட்டி வரைக்கும் போய் விவசாயிகளைப் பயிரிட வைத்தார்கள். 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது, தரமான தக்காளி போதுமான அளவு கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டி, வட இந்தியக் கடைகள் பலவற்றில் தக்காளியையே நிறுத்தினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் மோசமான தக்காளியை வைப்பதைவிட வைக்காமல் விடுவது நேர்மை.

அந்த நேர்மை சாலட் டப்பாவுக்கும் வேண்டும். இலை எந்தத் தேதியில் நறுக்கப்பட்டது என்று மூடியில் அச்சிடலாம். தக்காளியை முழுசாக வெளியே வைத்திருந்து, ஆர்டர் வந்ததும் வெட்டலாம். வெட்டிய தக்காளியைத்தான் 5 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு விதி. பத்து வகைக்குப் பதில் இரண்டே வகை போதும். நறுக்க ஒரு ஆளைக் கூடுதலாக வைக்க வேண்டும். அந்தக் கூலியைப் பர்கர் லாபத்திலிருந்து எடுக்கலாம். சாலட் விற்கவில்லை என்று பட்டியலிலிருந்து தூக்குமுன் ஒரு பெரிய நிறுவனமாவது ஒரே ஒரு ஊரில் ஓராண்டு இப்படி விற்றுப் பார்க்கட்டும்.