மலிவுப் பிஸ்டல்: யாருடைய கணக்கு எது?

கனடாவில் பிஸ்டலைத் தடை செய்தாயிற்றே, பிறகெப்படி ஸ்காபரோவில் சுடுகிறார்கள் என்று ஒருவர் கேட்கிறார். தடை ஒன்றும் இல்லை, எங்கள் வேலையிடத்தில் ஒருவர் இரண்டு வைத்திருக்கிறார் என்று இன்னொருவர் மறுக்கிறார். ரொறன்ரோவில் தமிழர் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இருவர் சொல்வதிலும் பாதி சரி. மற்றப் பாதியைத் தெளிவாக்கிக்கொண்டால் வாக்களிக்கப் போகும்போது உதவும். வீட்டுப் பாதுகாப்புக்கும் நல்லது.

2022 ஒக்ரோபர் 21 முதல் கனடா முழுவதும் தனியாட்கள் கைத்துப்பாக்கியை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டன. இறக்குமதியை அதற்கு இரண்டு மாதம் முன்பே மட்டுப்படுத்தியிருந்தார்கள். 2023 டிசம்பர் 15 அன்று சி-21 மசோதா சட்டமாகி இந்த முடக்கத்தை நிலைப்படுத்தியது. ஆனால் ஏற்கெனவே சட்டப்படி பதிவு செய்து வைத்திருந்தவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவர்கள் வைத்திருக்கலாம், சுடுகளத்துக்குக் கொண்டுபோகலாம். 2020இல் நாட்டில் பதிவாகியிருந்த கைத்துப்பாக்கிகள் ஏறத்தாழ 11 இலட்சம். கதவு மூடப்பட்டது புதிதாக வர இருந்தவர்களுக்குத்தான். ஒலிம்பிக், பராலிம்பிக் சுடும் போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்போர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்தப் பிஸ்டல்களுக்குச் சொல்லப்படும் 'அரைத்தானியங்கி' என்ற பெயரிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் ஓயாமல் சுடும் துப்பாக்கிகளைப் போர்க்காலத்தில் கண்ணால் கண்டவர்கள் நம்மில் பலர். அவற்றைத் தனியாட்கள் புதிதாக வாங்குவதைக் கனடா 1978இலேயே நிறுத்திவிட்டது. அரைத்தானியங்கிப் பிஸ்டலில் ஒருமுறை இழுத்தால் ஒரு சன்னம்தான். வெடிப்பின் வேகம் மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளும், வெற்றுக்கோது வெளியே தெறிக்கும், ஸ்லைட் முன்னுக்குத் திரும்பும்போது ரவைக்கூட்டிலிருந்து அடுத்த ரவை குழலுக்குள் ஏறும். அடுத்த சன்னத்துக்கு மறுபடி இழுக்கவேண்டும். இந்தச் சுழற்சி ஒவ்வொரு முறையும் தடங்காமல் நடக்கிறதா என்பதில்தான் மலிவுப் பிஸ்டல் பற்றிய உரிமையாளர்களின் விவாதம் முழுதும் அடங்கியிருக்கிறது.

இங்கே மலிவு என்பதற்கும் அமெரிக்காவில் மலிவு என்பதற்கும் வேறுபாடு உண்டு. குழலின் நீளம் 105 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் கனடாவில் அது தடைசெய்யப்பட்ட வகை. 1995ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் போட்ட கோடு இது. அதனால் சட்டைப்பையில் ஒளிக்கக்கூடிய அமெரிக்க மலிவுப் பிஸ்டல்கள் இங்குள்ள கடைக்கு வரவே வழி இல்லாமல் போனது. உலகெங்கும் விற்பனையாகும் குளொக் 19இன் குழல் 102 மில்லிமீற்றர். கனடாவுக்கென்றே அதை 106 ஆக்கிச் செய்தார்கள். ரவைக்கூட்டில் பத்து ரவைக்கு மேல் போடமுடியாது என்பதும் சட்டம்.

ஆக, ஒன்ராறியோச் சுடுகளங்களில் மலிவு என்று பெயர் எடுத்தவை பெரிய, கனத்த பிஸ்டல்கள். முதலிடம் சீனாவின் நொரின்கோவுக்கு. 1994இல் கிளின்ரன் அரசு சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியதால் அமெரிக்கர்களுக்குக் கிடைக்காத சரக்கு இது. கனடாவிலோ தாராளமாகக் கிடைத்தது. சுவிஸ்-ஜேர்மன் நிறுவனமான சிக் சவரின் பி226ஐப் பார்த்துச் செய்த என்பி22, அமெரிக்காவின் பழைய 1911 மாதிரியின் நகல், இவை பல ஆண்டுகள் ஐந்நூறு டொலருக்குள் விற்றன. அசலின் விலை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வைத்திருப்பவர்கள் சொல்லும் நிறை, குறை இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஸ்லைடின் உட்பக்கத்தில் கடைசல் இயந்திரம் ஓடிய வரிகள் அப்படியே தெரியும். ஓரங்கள் கூராக நிற்கும். நூறு ரவை சுட்டு முடிக்கும்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் சிவந்திருக்கும். கறுப்புப் பூச்சு உறையில் உரசும் இடத்தில் சீக்கிரம் வெளுக்கும். குறி பார்க்கும் முனை சிறியது. விசைவில் இறுக்கம், அதிலும் இழுவை சீராக இராது. இவையெல்லாம் குறைகள். ஆனால் உள்ளே இருக்கும் எஃகு கெட்டியானது என்பதில் குறை சொல்பவர்களும் ஒத்துப்போகிறார்கள். அரத்தால் ஓரத்தைத் தேய்த்து, சுருள்வில்லை மாற்றினால் ஆயிரக்கணக்கில் சுட்டாலும் தாங்கும் என்பார்கள்.

ரவை சிக்கிக்கொள்வது பெரிய குற்றச்சாட்டு. மூக்கு உருண்ட சாதாரண ரவையை விழுங்கும் பிஸ்டல், நுனி குழிந்த ரவையில் தடங்கும். பெரும்பாலும் பழி பிஸ்டல்மீது விழுகிறது. கோளாறு மலிவு ரவைக்கூட்டின் வாய்ப்பகுதியில் இருப்பதும் உண்டு. பழைய சோவியத் தொக்கரேவ் வாங்கியவர்களுக்கு வேறு தொல்லை. அதற்குக் கிடைத்த மிச்ச இராணுவ ரவைகள் பலவற்றில் துரு ஏற்றும் உப்பு இருந்தது. சுட்ட அன்றே சுடுதண்ணீரால் குழலைக் கழுவாவிட்டால் உள்ளே துரு பிடித்துவிடும்.

இவர்களுடைய வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது ஒன்று. பிஸ்டலில் மிச்சம் பிடித்த காசை ரவைக்கும் பயிற்சிக்கும் செலவிட்டால் சுடுவது திருந்தும் என்கிறார்கள். கடதாசி இலக்கில் துளை போடும் விளையாட்டுக்கு அது சரியான கணக்கு. உண்மையில் பிஸ்டலின் விலையோடு செலவும் அலைச்சலும் முடிவதில்லை. இரண்டு பாதுகாப்பு வகுப்புகள், இரண்டு சோதனைகள், முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு, சாட்சி சொல்ல இருவர், வாழ்க்கைத் துணைக்கு அறிவித்தல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பித்தல், கழக உறுப்புரிமை, கொண்டுபோக அனுமதிப்பத்திரம். எல்லாம் முடித்தபின் வாங்கிய பொருளுக்கு முடக்கத்தின் பின் தனியாட்களிடையே மறுவிற்பனை இல்லை. விலைகூடிய பிஸ்டலில் முதல் போட்டவர்களுக்கு இழப்பு பெரிது. அவர்களுடைய மனவருத்தம் நியாயமானது. அதைக் குற்றவாளியின் கோபம்போலப் பேசுவது தவறு.

ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நகரின் பாதுகாப்பை அளக்க முடியாது. ரொறன்ரோவில் குற்றங்களில் பிடிபட்டு, மூலம் கண்டுபிடிக்கப்படும் கைத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று நகரப் பொலிஸ் தொடர்ந்து சொல்லிவருகிறது. அங்கே தன் பெயரில் கடையில் வாங்கி மற்றவரிடம் கொடுக்க ஆள் இருக்கிறது. எல்லை தாண்டினால் அந்தப் பிஸ்டலின் விலை பல மடங்கு. 2022 ஏப்ரல் கடைசியில் ஒன்ராறியோவின் போர்ட் லாம்ப்டனில் ஒரு வீட்டு மரத்தில் ட்ரோன் ஒன்று சிக்கித் தொங்கியது. அதன் பையில் 11 கைத்துப்பாக்கிகள். செயின்ட் கிளெயர் ஆற்றுக்கு அக்கரை மிச்சிகன். அந்தப் பொட்டலத்தை சுடுகளக் கழகத்தின் எந்த விதியும் தொடாது. கடத்தலுக்கான உச்சத் தண்டனையைப் பத்து ஆண்டிலிருந்து பதினான்காக சி-21 உயர்த்தியது இதற்காகத்தான்.

அதற்காக உள்ளூர் உரிமையாளருக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். 2018 ஜூலை 22 இரவு ரொறன்ரோவின் டான்ஃபோர்த் வீதியில் பத்து வயதுச் சிறுமியும் பதினெட்டு வயது இளம்பெண்ணும் கொல்லப்பட்டார்கள். பதின்மூன்று பேர் காயப்பட்டார்கள். சுட்டவரிடம் இருந்த பிஸ்டல் சஸ்காட்சுவானில் களவுபோனது. சட்டப்படி நாட்டுக்குள் வந்தது, கள்ளர் கையில் போய்ச் சேர்ந்தது. சில நாளில் ரொறன்ரோ நகரசபை, நகருக்குள் கைத்துப்பாக்கி விற்பனையைத் தடைசெய்யுமாறு ஒட்டாவாவைக் கேட்டு 41-4 என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேற்றியது.

எல்லைக் கடத்தலை முடக்கம் நேரடியாகக் குறைக்காது. களவுபோகக்கூடிய இருப்பை மெல்ல மெல்லக் குறைக்கும். அதன் பலன் ஒரு தலைமுறை கழித்தே தெரியும். உடனடிப் பலன் என்று வாக்குறுதி கொடுத்தவர்களும், பலனே இல்லை என்று சாதிப்பவர்களும் பாதியை மறைக்கிறார்கள்.

அதுவரை பொறுப்பு வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பிஸ்டலில் ரவை இருக்கக்கூடாது. விசைவில்லுக்குப் பூட்டுப் போட்டு, எளிதில் உடைக்கமுடியாத பூட்டிய பெட்டிக்குள் வைக்கவேண்டும், அல்லது அதற்கென்று செய்த பாதுகாப்புப் பெட்டகத்தில். மலிவுப் பிஸ்டல் என்பதற்காக மலிவுப் பெட்டி போதும் என்று நினைப்பவர்களை எச்சரிக்கிறேன்: கள்ளன் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை.

உரிமையாளர் இறந்துவிட்டால் குடும்பத்துக்குத் தடுமாற்றம் வரும். அப்பாவின் பிஸ்டல் என்று மகன் பெயருக்கு மாற்றமுடியாது, மகனிடம் உரிமம் இருந்தாலும். உரிய அனுமதி உள்ள வணிகத்திடம் கொடுக்கலாம், செயலிழக்கச் செய்யலாம், பொலிஸிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைக்க நினைப்பவர்கள் அதைக் காரில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகக்கூடாது. ரொறன்ரோவில் அவசரமற்ற அழைப்புக்கான 416-808-2222 என்ற எண்ணுக்குச் சொன்னால் போதும். அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துச்செல்வார்கள்.