வலது பக்கத்தையும் கவனியுங்கள்

வால்வு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் தையல் ஆறிவிட்டதா என்று கேட்பார்கள். கால் வீங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நம் நாட்டில் இதய வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் தொண்டைப் புண், மூட்டு வலி என்று வந்து போகும். பல ஆண்டுகள் கழித்து இதயத்தின் இடது பக்கத்து மிட்ரல் வால்வு சுருங்கும் அல்லது ஒழுகும். ரத்தம் நுரையீரலில் தேங்கும். நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் வலது கீழறையின் சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. ஆண்டுக்கணக்கில் முட்டி மோதி அது விரிகிறது. கூடவே ட்ரைகஸ்பிட் வால்வின் வளையமும் அகன்று ஒழுகத் தொடங்குகிறது.

இந்த வலது பக்கத்தை மருத்துவம் நெடுங்காலம் மதிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவில் ஐசக் ஸ்டார் குழுவினர் நாய்களின் வலது கீழறைச் சுவரைச் சுட்டுச் செயலிழக்கச் செய்தபோது சிரைகளில் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. வலது இதயம் வெறும் குழாய்தான் என்ற எண்ணம் வலுத்தது. இடது வால்வைச் சரிசெய்தால் வலது ஒழுகல் தானாக நிற்கும் என்று 1960களில் நம்பினார்கள். பலருக்கு நின்றது. சிலருக்கோ மிட்ரல் வால்வு நன்றாக வேலை செய்தும், சில ஆண்டுகளில் வயிறும் காலும் வீங்கின.

அப்படியானால் எல்லோருக்கும் இரண்டு வால்வையும் ஒரே சமயத்தில் சரிசெய்துவிடலாமா? 2022இல் வெளியான ஓர் ஆய்வில், தேய்மானத்தால் மிட்ரல் வால்வு ஒழுகிய 401 பேரில் பாதிப்பேருக்கு வலது வால்வு வளையத்தையும் இறுக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் ஒழுகல் முற்றியவர்கள், மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள், இறந்தவர்கள் எல்லாம் சேர்த்து 3.9 சதவீதம், வளையத்தைத் தொடாதவர்களில் 10.2 சதவீதம். ஆனால் பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் 14.1 சதவீதம், மற்றவர்களில் 2.5 சதவீதம்தான். லாபமும் உண்டு, விலையும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம் இது.

வால்வு சிகிச்சையில் கேரளத்துக்குத் தனி இடம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், மூன்று மாதிரிகள் தோற்றபின் நான்காவதாக உருவான வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வை வாங்க முடியாத ஏழைகளுக்கு அது வழி திறந்தது. ஆனால் வால்வு கிடைப்பது பாதி வேலைதான். இடுக்கி மலையில் ஆனைக்கரை போன்ற ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் பிழைப்பு போகும். உடம்பு தேறியதும் செக்கப் நின்றுவிடுகிறது. வலது இதயம் சத்தமில்லாமல் தளர்வது அப்போதுதான்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'டாப்ஸி' என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். வலது கீழறை நீளவாக்கில் எவ்வளவு அசைகிறது என்பதன் அளவு அது. 17 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். இதய ஆபரேஷன் ஆன பெரும்பாலானவர்களுக்கு அது குறையும். மாதக்கணக்கில் குறைந்தே இருக்கலாம். கீழறை குறுக்குவாக்கில் சுருங்கி ஈடுகட்டிக்கொள்ளும். ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. தினமும் காலையில் ஒரே தராசில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, வயிறு உப்புகிறதா, நேற்று ஏறிய மேட்டில் இன்று மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். நீர் மாத்திரையையும் ரத்தம் உறையாத மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ருமாட்டிக் நோயாளிக்கு பெனிசிலின் ஊசி ஆபரேஷனோடு முடிவதில்லை. எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.