ஒதுக்கீட்டு ஆணை கிரயப் பத்திரம் ஆகாது

மயிலாப்பூர், பட்டினப்பாக்கம் வாரியக் குடியிருப்புகளில் நம் மக்கள் பலரிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் பெயர்கூட மாறிவிட்டது. இவர்களுக்குக் கிரயப் பத்திரம்தான் வந்தபாடில்லை. மகள் கல்யாணம், மருத்துவச் செலவு என்று வந்தால் முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்து, பாதி விலைக்கு வீட்டை இழக்கிறார்கள். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு தானே நிலம் வழங்கும் ஆவணத்துக்கு 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. வீட்டை விற்கும் கூலித் தொழிலாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. தவணை கட்டி முடித்த அனைவருக்கும் வாரியம் முகாம் நடத்திப் பத்திரம் தரவேண்டும் என்று கேட்கிறோம். மாணவர்களே, வீட்டுப் பெட்டியைத் திறந்து, ஆணை யார் பெயரில் இருக்கிறது, தவணை ரசீதுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.