பச்சையா இருந்தா போதுமா? கோனோகார்பஸை எடு, நம்ம மரத்தை நடு!



"மரம்னா மரம்தானே, எது நட்டா என்ன?" இந்த ஒரு கேள்வியை வெச்சே சாலை நடுவுல, பூங்காவுல, அபார்ட்மெண்ட் காம்பவுண்டு ஓரத்துல எல்லாம் கோனோகார்பஸை வரிசையா நட்டு வெச்சாங்க. சீக்கிரம் வளரும், வருஷம் முழுக்கப் பச்சை. திறப்பு விழா போட்டோவுக்கு வேற என்ன வேணும்?

விளைவு? வேர் தண்ணிக் குழாயையும் கேபிளையும் பதம் பார்க்குது. மகரந்தத்தால ஒவ்வாமை, மூச்சுத் தொல்லைன்னு புகார். 2023-ல் குஜராத் தடை போட்டது. 2025-ல் தமிழ்நாடும் தடை போட்டது. சரி, ஏற்கெனவே நட்டதை யார் எடுப்பாங்க? அந்தக் குழியில அடுத்து எது வரும்? இன்னொரு வெளிநாட்டு அலங்காரச் செடியா?

எது நட்டா என்னன்னு கேக்குறவங்களுக்குப் பதில் இதோ. பட்டாம்பூச்சிப் புழு கண்ட இலையையும் தின்னாது. எருக்கு இருந்தாத்தான் வெந்தய வரியன். கொன்றை இருந்தாத்தான் கொன்னை வெள்ளையன். தேன்சிட்டுகூட தன் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். இலை இல்லைன்னா புழு இல்லை, புழு இல்லைன்னா குஞ்சு இல்லை. அப்புறம் "சிட்டுக்குருவியைக் காணோம்"னு மார்ச் 20 அன்னைக்கு மட்டும் ஸ்டேட்டஸ் போட்டு என்ன பயன்?

2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சின்னு அறிவிச்சாச்சு. பெயர் கொடுத்தா போதுமா, சோறு வேண்டாமா? குறிஞ்சிப்பாட்டுல கபிலர் 99 பூக்களைப் பட்டியல் போட்ட மண்ணு இது. அதே மண்ணுல நம்ம நகரச் சாலைகள்ல எத்தனை பூ மிச்சம்? எண்ணிப் பாருங்க.

நம்ம கோரிக்கை மூணே மூணு:

👉 ஒவ்வொரு நகராட்சியும் எங்கெங்க கோனோகார்பஸ் நிக்குதுன்னு கணக்கை வெளியிடணும், எப்போ எடுக்கும்னு தேதி சொல்லணும்.

👉 எடுத்த இடத்துல வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், மகிழம், சரக்கொன்றை. சாலை நடுவுல ஆவாரை.

👉 மரக்கன்று டெண்டர்ல நாட்டு மரம்னு எழுத்துல இருக்கணும். எண்ணிக்கையை மட்டும் காட்டி பில் போடக் கூடாது.

அரசு செய்யுற வரைக்கும் நாம சும்மா இருக்கணுமா? மொட்டை மாடித் தொட்டியில ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை வெச்சாலே பட்டாம்பூச்சி முட்டை போட வரும். புழு இலையைக் கடிச்சா மருந்து அடிக்காதீங்க, அதுக்காகத்தான் வெச்சோம்!

உங்க வார்டுல கோனோகார்பஸ் எங்க நிக்குதுன்னு போட்டோவோட கமெண்ட்ல போடுங்க. பட்டியலை மனுவா கொண்டுபோய்க் கொடுப்போம்.

#நாட்டுமரம்நடுவோம்
#கோனோகார்பஸ்வேண்டாம்