மகன் பெயர் இருந்தால் போதாது

காஜாங் வட்டாரத் தோட்டங்களில் அன்று பால் மரம் சீவியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அந்நாளில் காய்ச்சல், தலைவலி என்றால் தோட்டத்து டிரஸ்ஸர் இருந்தார். பெரட்டில் பெயர் இருந்தால் மருந்தும் கிடைத்தது. இன்று பல தோட்டங்கள் தாமானாகிவிட்டன. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாகிவிட்டது. டிரஸ்ஸரும் இல்லை, பெரட்டும் இல்லை. ஆனால் பெயர் இருந்தாக வேண்டிய பட்டியல் ஒன்று இன்றும் உண்டு.

2019-இல் அரசாங்கம் கொண்டுவந்த பெக்கா பி40 திட்டத்தைத்தான் சொல்கிறோம். ரத்த அழுத்தம், இனிப்பு நீர், கொழுப்பு ஆகியவற்றுக்கு இதில் இலவசப் பரிசோதனை உண்டு. அரசாங்க மருத்துவமனையில் இதய ஸ்டென்ட், கண் லென்ஸ் போன்றவை தேவைப்பட்டால் 20,000 வெள்ளி வரை உதவி. புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளி.

சந்தா கிடையாது, தனி மனுவும் கிடையாது. எஸ்.டி.ஆர். என்னும் ரஹ்மா ரொக்க உதவி பெறுபவரும் அவருடைய துணையும், 40 வயது நிரம்பியிருந்தால் தாமாகவே சேர்க்கப்படுகிறார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். "மவனுக்குத்தான் எஸ்.டி.ஆர். வருதே, அதுல நானும் இருப்பேன்ல?" என்று கேட்கிறார் பெரியவர். இல்லை, ஐயா! மகன் பெயரோடு மருமகளுக்கு இடமுண்டு, பெற்றோருக்கு இல்லை. துணையில்லாமல் இருக்கும் 60 வயதுக்காரர், மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால், தம் பெயரிலேயே எஸ்.டி.ஆருக்கு மனுச் செய்யலாம். கணவனும் மனைவியும் இருந்தால் ஒருவர் மனுச் செய்து, மற்றவர் பெயரைத் தவறாமல் எழுத வேண்டும். வருமான வரி வாரிய அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

எஸ்.டி.ஆர். குடிமக்களுக்கு மட்டுமே. சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையைத் தொட்டுவிட்ட நம் பாட்டிமாருக்கு இதில் இடமில்லை. இந்த மண்ணிலே உழைத்துத் தேய்ந்த அவர்களையும் அரசாங்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தம்பி தங்கைகளே, கைப்பேசி உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கே அப்பா அம்மாவின் அடையாள அட்டை எண்ணைப் பெக்கா பி40 அகப்பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் இருந்தால் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இல்லையென்றால் மனு எழுத உட்காருங்கள். நோய் வந்து படுத்த பிறகு ஓடுவதைவிட, நடக்கும்போதே போய் வருவது நல்லதல்லவா?